காபிக்கு முன் புழுக்கை: வீட்டில் முயல் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டில் காலையில் காபி போடுவதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. முயலின் தட்டைக் குனிந்து பார்ப்பது. ராத்திரி எவ்வளவு புழுக்கை போட்டிருக்கிறது, எல்லாம் ஒரே அளவா, உதிரியாகக் கிடக்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா. வந்திருக்கும் விருந்தாளிகள் முகத்தைச் சுளிப்பார்கள். என்ன செய்வது, முயலைப் பற்றி நம்பத் தகுந்த சேதி அங்கேதான் இருக்கிறது. நாய்க்கு வலித்தால் முனகும். முயல் ஒன்றும் காட்டாது. காட்டில் நோஞ்சான் என்று தெரிந்தால் பருந்தும் நரியும் முதலில் அதைத்தான் குறிவைக்கும் என்பதால், முடியாத கட்டம் வரும்வரை சாதாரணமாகவே உட்கார்ந்திருக்கும். வயிறு மட்டும் பொய் சொல்லாது.

திருச்சியில் எட்டு வருடமாக முயல் வைத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பதில் பாதி, தப்பு செய்துவிட்டுத் தெரிந்துகொண்டது. படிப்படியாகச் சொல்கிறேன். அவசரப்படாமல் முதல் இரண்டு படியைக் கடந்த பிறகே கடைக்குப் போங்கள்.

முதலில் டாக்டர், அப்புறம்தான் முயல்

எல்லா கால்நடை மருத்துவர்களும் முயலுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. மாடு, ஆடு, நாய் என்று பழகியவர்கள் முயலைக் கண்டால் தயங்குவார்கள். அது நேர்மையான தயக்கம்தான். உங்கள் ஊரில் இரண்டு மூன்று பேரிடம் நேராகவே கேளுங்கள்: முயல் பார்ப்பீர்களா, முயலுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து பழக்கம் உண்டா? வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய பலம். ஆள் கிடைத்ததும் நம்பரைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, வீட்டில் ஒரு பேச்சு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் 8 முதல் 12 வருடம் வரை இருக்கும். பிள்ளை மூன்றாம் வகுப்பில் அழுது வாங்கிய முயல், அவன் கல்லூரிக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும். புல் வாங்குவதும் தட்டு கழுவுவதும் அப்போது யார் வேலை என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது என் வேலையாகிப் பல காலம் ஆகிறது.

இன்னொன்று. ஊர்ப் பக்கத்தில் யாராவது, "கொல்லையில் பிடித்தது, வைத்துக்கொள்ளுங்கள்" என்று குட்டி கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அது காட்டு முயல், வேறே இனம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கூண்டில் அது பிழைப்பதும் அரிது. வீட்டில் வளர்ப்பது ஐரோப்பாவின் குழி முயல் வழி வந்தது. குட்டியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: காட்டு முயல் குட்டி முடியோடு, கண் திறந்தபடி பிறக்கும், வீட்டு முயல் குட்டி வெறும் தோலோடு, கண் மூடிப் பிறக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

என் முதல் முயல் ஒரு செருப்பு டப்பாவில் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. "ரெண்டு மாசக் குட்டி சார், எல்லாம் சாப்பிடும்" என்றார் விற்றவர். அன்று ராத்திரி நாங்கள் பாலும் கேரட்டும் கொடுத்தோம். மூன்றாம் நாள் வயிற்றால் போனது, நான்காம் நாள் போய்விட்டது. அந்தக் குட்டிக்கு மூன்று வாரம்கூட ஆகியிருக்காது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். தாய்ப்பால் மறக்காத குட்டியின் வயிறு வேறு எதையும் ஏற்கத் தயாராக இருக்காது.

ஆகவே எட்டு வாரம் முடிந்த குட்டியைத்தான் வாங்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் வகைகளுக்கு, உள்ளங்கையில் அடங்கினால் எட்டு வாரம் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். மூக்கு ஈரமாகவோ, முன்னங்கால்களின் உள்பக்க முடி சளியில் ஒட்டிப் பிசுபிசுப்பாகவோ இருந்தால் சளித் தொல்லை. (முயல் மூக்கை முன்னங்காலால்தான் துடைக்கும், விற்பவர் மூக்கைத் துடைத்துவிடலாம், காலைத் துடைக்க மறந்துவிடுவார்.) காதுக்குள் பக்கு போல் காய்ந்து இருந்தால் காதுச் சொறிப் பூச்சி. மூக்கு நுனியிலும் கால் விரல்களிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் இருந்தால் சொறி. அது உங்கள் கைக்கும் வரும். பின்பக்கம் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும்.

"இது மினி முயல், இதுக்கு மேல வளராது" என்பார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவரிடம் வாதாடிப் பயனில்லை. தாய் முயலைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை முடியும் சிவப்புக் கண்ணுமாகச் சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் கறிக்காக வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை போன்ற இனங்களின் கலப்பு. சாம்பல் நிறத்தில் சோவியத் சின்சில்லாக் கலப்பு. இவை மூன்று நான்கு கிலோ வரை போகும். அதில் குறை ஒன்றும் இல்லை, சாதுவான முயல்கள். கூண்டை மட்டும் அதற்கேற்ற மாதிரி வாங்க வேண்டும். அங்கோரா போல நீள முடி இனங்கள் கொடைக்கானல், நீலகிரிக் குளிருக்குச் சரி. சமவெளியில் வேண்டாம்.

ஒன்றா, இரண்டா? முயல் கூட்டமாக வாழும் பிராணி, துணை இருந்தால் நல்லதுதான். ஆனால் ஆணும் பெண்ணும் வைத்தால் என்ன ஆகும் என்று கீழே சொல்லியிருக்கிறேன். இரண்டு ஆண்களை வைத்தால் வளர்ந்த பிறகு ரத்தம் வரும்வரை கடித்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒன்றோடு தொடங்கி, தினமும் அதோடு இரண்டு மூன்று மணி நேரம் செலவழிக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.

கூண்டும் தட்டும்

கடையில் முயல் கூண்டு என்று கொடுப்பது பெரும்பாலும் கோழிக்கூண்டு. நடுத்தர முயல் ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், அது பின்னங்காலில் எழுந்து நின்றால் காது இடிக்காத உயரம், இவை குறைந்தபட்சம். அதுவும் ராத்திரித் தூக்கத்துக்கும் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்கும்தான். மற்றபடி தினமும் வெளியே ஓட விட வேண்டும். எங்கள் வீட்டில் கூண்டே இல்லை இப்போது. கம்பித் தடுப்பால் ஹாலின் ஒரு மூலையை அடைத்திருக்கிறோம்.

அடிப்பக்கம் கம்பி வலையாக இருந்தால் அதன்மேல் பலகையோ கோரைப்பாயோ போடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போல முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, முடி மட்டும்தான். கம்பியிலேயே நின்றால் குதிகால் தேய்ந்து புண்ணாகும். கோரைப்பாயைக் கடித்துத் தின்னும், தின்னட்டும். வெறும் டைல்ஸ் தரையும் ஆகாது, கால் வழுக்கும். ஒரு மூலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு பக்கம் வாசல் வெட்டி வையுங்கள். ஒளிய இடம் இல்லாத முயல் எப்போதும் பயத்திலேயே இருக்கும்.

கூண்டின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வைத்தால் எறும்பு ஏறாது, பாட்டி காலத்துப் பண்ட அலமாரி வைத்தியம். கொசுவுக்குக் கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள். முயல் சாதாரணமாக மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும், நுரையீரலும் மென்மையானது. ஒரு கொசுவலையைப் போர்த்திவிட்டால் போதும். வெளியில் வைப்பவர்கள் நாய், பூனையோடு கீரி, பெருச்சாளி, பாம்பையும் கணக்கில் வையுங்கள். என்னைக் கேட்டால் வெளியிலேயே வேண்டாம்.

தட்டு பழக்குவது நினைப்பதைவிடச் சுலபம். முயல் தானாகவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேதான் சிறுநீர் கழிக்கும். எந்த மூலை என்று இரண்டு நாள் கவனியுங்கள். அங்கே ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பை வைத்து, அடியில் நாலைந்து மடிப்பு செய்தித்தாள், மேலே வைக்கோல் பரப்புங்கள். அதன் புழுக்கையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுங்கள். முக்கியமான தந்திரம் ஒன்று: உலர்ந்த புல்லை அந்த டப்பின் ஓரத்திலேயே வையுங்கள். முயலுக்குத் தின்றுகொண்டே போடுவது பழக்கம். ஒரு வாரத்தில் பெரும்பாலும் படிந்துவிடும். பூனைக்கு விற்கும் களிமண் மணல் வேண்டாம். அதைத் தின்றால் வயிற்றுக்குள் கட்டிக்கொள்ளும்.

வெளியே விடும் நேரத்தில் சார்ஜர் வயர், இன்டர்நெட் கேபிள் எல்லாவற்றையும் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். முயலுக்கு வயர் என்பது குறுக்கே நிற்கும் வேர். ஒரே கடி.

தீனி: புல், புல், அப்புறம் மற்றதெல்லாம்

பாடப் புத்தகப் படத்தில் முயல் கையில் கேரட் இருக்கும். அதை மறந்துவிடுங்கள். கேரட் கிழங்கில் சர்க்கரை அதிகம். முயலுக்கு அது தீபாவளி லட்டு மாதிரி, எப்போதாவது கட்டைவிரல் அளவு. கேரட்டின் இலையைக் கேளுங்கள், காய்கறிக் கடையில் சும்மாவே தருவார்கள்.

முயலின் சாப்பாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். இரண்டு காரணம். ஒன்று பல். முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வரை. புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அது தேயும். தேயாத பல் கன்னத்தையும் நாக்கையும் குத்தும், முயல் சாப்பிடுவதை நிறுத்தும். இன்னொன்று குடல். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் நகரும். நகர்வது நின்றால் வாயு கட்டும், வலிக்கும், வலியில் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

எந்தப் புல்? இணையத்தில் விற்கும் திமோத்தி உலர்புல் நல்லதுதான், விலைதான் கையைக் கடிக்கும். நம் ஊரில் அருகம்புல் இருக்கும்போது எனக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை. பிள்ளையாருக்கு மாலை கட்டும் பூக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் வாரம் ஒரு மூட்டை வரும். நான் செய்வது இதுதான்: புல்லை அலசி, வேரையும் மண்ணையும் நீக்கி, மாடிப்படி நிழலில் கோரைப்பாயில் மெல்லிசாகப் பரப்புவேன். காலையும் மாலையும் ஒரு தடவை புரட்ட வேண்டும். மூன்று நாளில் கையில் எடுத்தால் சரசரவென்று சத்தம் கேட்கும், பச்சை நிறம் கொஞ்சம் மீதி இருக்கும், வாசனை இனிப்பாக இருக்கும். அப்போது சணல் சாக்கில் கட்டி வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். பூசணம் பிடித்த புல்லைக் கொடுப்பதைவிடப் பட்டினி மேல் என்று சொல்ல வந்தேன், முயல் விஷயத்தில் பட்டினியும் ஆபத்து. அதனால் எப்போதும் ஒரு சாக்கு கூடுதலாக இருக்கட்டும்.

பச்சைப் புல்லும் கொடுக்கலாம். அறுத்த புல்லைக் குவித்து வைக்காதீர்கள், உள்ளே சூடேறிப் புளிக்கும். சாலையோரப் புல் வேண்டாம், நாய் மூத்திரமும் வண்டிப் புகையும் படிந்தது. மருந்து தெளித்த வயல் வரப்புப் புல்லும் வேண்டாம். வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு. படுக்கைக்குச் சரி, சாப்பாட்டுக்குப் போதாது.

முயல் மசால் என்று ஒரு தீவனப் பயிர் உண்டு. பெயரில் முயல் இருக்கிறதே என்று அதையே வயிறு நிறையக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முயல் மசால், வேலி மசால், குதிரை மசால், அகத்தி இவை எல்லாம் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்தவை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லது. வளர்ந்த முயலுக்கு ஒரு பிடி. உபரிச் சுண்ணாம்பு சிறுநீரில்தான் போகும். சிறுநீர் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி கெட்டியாக வந்தால் இவற்றைக் குறைக்கும் நேரம். முருங்கைக்கீரைக்கும் இதே பேச்சு.

கீரையும் இலையும் தினம் ஒரு வேளை. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கல்யாண முருங்கை இலை, துளசி. பல தடவை அலசுங்கள். புதிதாக எதைத் தொடங்கினாலும் ஒரு நாளைக்கு ஒன்று, ஒரு இலை, மறுநாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்தது. முட்டைக்கோசும் காலிஃபிளவரும் வாயு. கூடவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, அவகாடோ, சாக்லேட். அரளி, எருக்கு, மணி பிளான்ட் பக்கமே போகவிடாதீர்கள். சோறு, இட்லி, பிஸ்கட், பிரட் கொடுத்தால் ஆசையாகத் தின்னும். அந்த ஆசையை நம்பாதீர்கள். எங்கள் எதிர்வீட்டு மாமி பாசத்தில் கொடுத்த ஒரு பாதி மாரி பிஸ்கட்டால் எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் போயிருக்கிறது.

பெல்லட் என்கிற குச்சித் தீவனம் வளர்ந்த முயலுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் போதும். தீவனக் கடையில் கிடைப்பது கறி முயலைச் சீக்கிரம் கொழுக்க வைக்கத் தயாரித்தது என்பதை நினைவில் வையுங்கள்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கும் பாட்டிலைவிடக் கனமான மண் சட்டி மேல். முயல் அதில் கூடுதலாகக் குடிக்கிறது, தண்ணீரும் சில்லென்று இருக்கும். பாட்டிலில் உருண்டை சிக்கிக்கொண்டால் தண்ணீர் வராமல் போவதே நமக்குத் தெரியாது.

புழுக்கையைப் படிப்பது

நல்ல புழுக்கை உருண்டையாக, பட்டாணி அளவில், எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பெரிய முயல் என்றால் கொண்டைக்கடலை அளவு. பழுப்பு நிறம், நாற்றம் இருக்காது, விரலால் நசுக்கினால் உள்ளே தூள் தூளாகப் புல் நார். ஒரு நாளைக்கு இருநூறு முன்னூறு போடும். இதைப் பார்த்துப் பயந்து, "வயிறு சரியில்லையோ" என்று கேட்பவர்கள் உண்டு. அது நல்ல செய்தி. ரோஜாத் தொட்டிக்கு நேராகப் போடலாம், மட்க வைக்கக்கூட வேண்டாம்.

மிளகு மாதிரி சின்னதாக, கறுப்பாக, கெட்டியாக வந்தால் நாரோ தண்ணீரோ போதவில்லை, அல்லது எங்கோ வலிக்கிறது. முடியால் கோத்த மணிமாலை மாதிரி வந்தால் முடி உதிரும் பருவம். தினமும் சீப்பால் வாரிவிட்டு, புல்லைக் கூட்டுங்கள்.

திராட்சைக் கொத்து மாதிரி மினுமினுப்பாக, மெத்தென்று, வாடையோடு வருவது வேறு ரகம். அது கழிவு இல்லை, குடல்பையில் நொதித்த சத்து. முயல் அதை நேராகப் பின்பக்கத்தில் வாய் வைத்துத் தின்றுவிடும். முதல் தடவை பார்த்தபோது என் மகள் அருவருப்பில் கத்தினாள். தடுக்கக் கூடாது, அது தின்றே ஆக வேண்டியது. அது தின்னாமல் தரையில் கிடந்தால்தான் கவலை. பெல்லட்டோ இனிப்போ கூடிவிட்டது, அல்லது முயல் கொழுத்துவிட்டதால் அதற்கு அங்கே எட்டவில்லை.

இப்போது அவசர விஷயம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புழுக்கையே இல்லை, சாப்பாட்டையும் தொடவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். எங்கள் பழைய முயல் ஒரு சனிக்கிழமை ராத்திரி கொத்தமல்லியை முகர்ந்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தது. அவ்வளவுதான் அறிகுறி. மூலையில் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு டாக்டர் வீட்டு வாசலில் நின்றோம். வலி மருந்தும் குடலை நகர்த்தும் மருந்தும் கொடுத்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு நான்கே நான்கு புழுக்கை போட்டது. வீட்டில் எல்லோரும் கைதட்டினோம்.

அந்த நிலையில் நீங்கள் செய்யக்கூடியது: உடம்பு சில்லிட்டிருந்தால் துணியில் சுற்றிய வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைப்பது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது போட்டது என்று குறித்துக்கொள்வது, கிளம்புவது. வயிறு பந்து மாதிரி உப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குட்டிக்குத் தண்ணியாக வயிற்றால் போனாலும் இதே அவசரம்தான்.

சிறுநீர் சில நாள் செங்கல் நிறத்தில், சிவப்பாகக்கூட வரும். தின்ற இலையின் நிறமிதான் பெரும்பாலும். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, முக்கிக்கொண்டு போனாலோ காட்டிவிடுங்கள்.

தூக்குவது, பழக்குவது

காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். சந்தையில் அப்படித்தான் தூக்குவார்கள். அது சரி என்று ஆகிவிடாது. முயலின் எலும்பு உடல் எடையில் எட்டு சதவீதம் இருந்தால் அதிகம், பின்னங்காலோ பலமானது. பாதி தூக்கியபடி உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். தரையில் உட்காருங்கள். ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை புட்டத்துக்கு அடியில். ஒரே அசைவில் உங்கள் நெஞ்சோடு அணையுங்கள். இறக்கும்போது புட்டம் முதலில் தரையைத் தொடட்டும். பிள்ளைகள் தூக்கவே வேண்டாம், சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்தில் வருவதைத் தடவட்டும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே என்று வீடியோ எடுப்பார்கள். அது சுகம் இல்லை, பயத்தில் உறைவது.

புதிதாக வந்த முயலை மூன்று நாள் தொடாதீர்கள். தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். ஒரு நாள் வந்து உங்கள் முட்டியை மூக்கால் இடிக்கும். தாடையை உங்கள் காலில் தேய்த்தால் தன் சொத்து என்று முத்திரை குத்துகிறது என்று அர்த்தம். இரண்டு கண்ணுக்கும் நடுவே நெற்றியில் மெதுவாக நீவிக் கொடுங்கள். திடீரென்று துள்ளி, காற்றிலேயே உடம்பை முறுக்கிக் குதித்தால் அது சந்தோஷம். பின்னங்காலால் தரையை டமார் என்று அறைந்தால் ஏதோ ஆபத்து என்கிறது; எங்கள் வீட்டில் குக்கர் விசிலுக்கு ஒரு வருடம் அறைந்துகொண்டிருந்தது.

குளிப்பாட்டாதீர்கள். அழுக்காகத் தெரிந்தால் ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்தால் போதும். நகத்தை மாதம் ஒரு முறை பாருங்கள். வெள்ளை நகத்தில் உள்ளே ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னாலேயே வெட்ட வேண்டும். முதல் தடவை டாக்டர் வெட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

திருச்சி வெயிலில்

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குக் கஷ்டம். நம் ஊர் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி. மொட்டை மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்குப் பார்த்த பால்கனி மூன்றும் முயலுக்கு ஆகாது.

வீட்டிலேயே குளிர்ந்த தரை எது என்று மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலில் நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் பூஜை அறைக்கு வெளியே உள்ள மூலை. கோடையில் முயல் அங்கேதான். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டிலை ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். இரண்டு பாட்டில் வைத்து மாற்றுங்கள். ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டலாம். கீரையை அலசி ஈரத்தோடு கொடுங்கள். கரண்ட் போகும் நாளுக்கு ஒரு மண் தொட்டியைப் படுக்க வைத்து நனைத்து வையுங்கள், உள்ளே புகுந்துகொள்ளும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கைச் சுற்றி ஈரமாக இருந்தால், காது சிவந்து கொதித்தால் வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதைத் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அந்த அதிர்ச்சியே போதும், உயிர் போய்விடும்.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. பின்பக்கம் ஈரமாக, அசுத்தமாக இருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தினமும் புரட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். தீபாவளி மூன்று நாளும் முயலை உள்ளறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனும் பாட்டும் ஓடட்டும். வெடிச் சத்தத்தில் சாப்பாட்டை நிறுத்தும் முயல்கள் நிறைய.

மருந்துக் கடையில் கேட்காதீர்கள்

பேனுக்கும் உண்ணிக்கும் நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு விஷம். நாம் விழுங்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து முயலும் சாகும். சொறிக்கு ஐவர்மெக்டின் நன்றாகக் கேட்கும், ஆனால் அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். வேப்பெண்ணெய் தடவினேன், மஞ்சள் போட்டேன் என்று நாள் கடத்தினால் அதை நக்கி வயிறும் கெடும், சொறியும் பரவும். தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் கழுத்துச் சுளுக்கு என்று நினைக்காமல் அன்றே காட்டுங்கள்.

இரண்டு இருபதாவது

ஆணும் பெண்ணும் நான்கைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். சினைக் காலம் 31 நாள் சுமார். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். கடையில் இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்தது ஆணும் பெண்ணுமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. மூன்று மாதத்தில் டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஆணுக்குக் கருத்தடை செய்த பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் பெண்ணிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். பெண்ணுக்குச் செய்வது கொஞ்சம் பெரிய ஆபரேஷன், ஆனால் செய்யாத பெண் முயல்களுக்கு வயதான பிறகு கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி பட்டினி போடச் சொன்னால், முயலுக்கும் அது தேவையா என்று ஒரு முறை கேளுங்கள். வாந்தி எடுக்காத பிராணிக்கு வெறும் வயிறு தேவையில்லை, கெடுதல்தான்.

ஊருக்குப் போகும்போது

ஒரு ராத்திரிக்கு மேல் தனியாக விடாதீர்கள். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைவதைவிடத் தெரிந்தவர் வீட்டுக்கு வந்து பார்ப்பது நல்லது. நாள் கணக்கில் புல்லைத் தனித்தனிப் பையில் கட்டி வையுங்கள், பெல்லட்டை ஒரு டப்பாவில் அளந்து வையுங்கள், டாக்டர் நம்பரைக் கூண்டிலேயே ஒட்டுங்கள், பிஸ்கட் கூடாது என்று பெரிதாக எழுதுங்கள். எங்களுக்கு எதிர்வீட்டு மாமிதான் பார்த்துக்கொள்கிறார். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும், தட்டை மட்டும் எடுத்தது. "இன்னிக்கு நிறைய இருக்குப்பா" என்று கீழே எழுதியிருப்பார்.